அறுபத்தைந்தில் காய்ந்த பசை

அத்தியாயம் 1

காலை ஒன்பது பத்துக்கு எம்.டி. தன் அறைக் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்து, "உங்க தம்பி எங்க?" என்று கேட்டார். கேட்டது அக்காவிடம்.

அக்கா என்றால் எம்.டி.க்கு அக்கா அல்ல. அந்தக் கட்டுமானப் பொறியியல் நிறுவனத்தில் என்.டி.டி. பிரிவின் தலைவி. இரும்புக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் என்ன கோளாறு ஒளிந்திருக்கிறது என்பதை உடைக்காமல், அறுக்காமல், ஒரு கீறல்கூட விழாமல் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அந்தப் பிரிவின் வேலை. அங்கேயே வேலை பார்க்கும் சொந்தத் தம்பி அவளை அக்கா என்று கூப்பிடப் போக, மற்றவர்களுக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். வயது நாற்பத்தேழு, ஒல்லியான உடம்பு. சுவரோ கதவோ எதைக் கண்டாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் தாண்டிப் போக மாட்டாள்.

"இன்னும் வரல சார். போனும் ஆஃப்ல இருக்கு."

"வரமாட்டான். காலைல எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கான். 'அந்தப் பாலத்துல ஆள ஏத்தாதீங்க, ஒரு மூட்டு சரியில்ல'ன்னு சொல்லிட்டு வச்சுட்டான். பேர் சொல்லல. ஆனா நம்பர் அவனோடது."

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தையும் புதுக் கட்டடத்தையும் மூன்றாவது மாடியில் இணைக்கும் இரும்புப் பாலம் அது. மொத்தம் அறுபத்து நான்கு வெல்டிங் மூட்டுகள். அத்தனையும் நன்றாக இருக்கின்றன என்று இரண்டு மாதத்துக்கு முன் அறிக்கை கொடுத்தது அவள் பிரிவு. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எண்பது நோயாளிகளைக் கட்டிலோடு அந்தப் பாலத்தின் வழியாகத் தள்ளிக்கொண்டு போகப் போகிறார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லலாமே சார்."

"கேட்டேன். பழைய கட்டடத்துக்கு மூணு மணிக்குக் கரண்ட் கட் பண்றாங்களாம். 'நல்லா இருக்குன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க, இப்ப யாரோ மூச்சு முட்ட முட்டப் பேசினதுக்காக நிறுத்தணுமா'ன்னு நிர்வாகி கேக்கறார். போன வாரம் எல்லார் முன்னாடியும் தம்பியத் திட்டினீங்க. அந்தக் கோபத்துல பண்றான். பன்னெண்டு மணிக்குள்ள அவனக் கொண்டாங்க. எந்த மூட்டுன்னு காட்டச் சொல்லுங்க, இல்ல சும்மா சொன்னேன்னு எழுதி வாங்குங்க. ரெண்டும் இல்லன்னா நாளையிலேருந்து உங்க பிரிவு கிடையாது."

திட்டியது உண்மைதான். ஒரு மூட்டைச் சோதிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று அவளுக்கு ஆத்திரம். கோபித்துக்கொண்டு ஒரு வேளை பேசாமல் இருப்பான், அவ்வளவுதான். எண்பது நோயாளிகளை வைத்து விளையாடுகிறவன் இல்லை. அப்படியானால் அவன் சொன்னது நிஜம்.

பிரிவின் அறையில் ரேடியோ காத்திருந்தான். அவன் அக்காவின் உதவியாளன். தூங்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துவான் என்று ஆபீசில் ஒரு நம்பிக்கை உண்டு. அவன் மனைவி அதையும் மறுத்திருக்கிறாள்.

"சாவி தொலையறது சகஜம் அக்கா. நாம பீரோவையே தொலைச்சுட்டோம்."

பீரோ என்பது தம்பிக்கு ஆபீஸ் வைத்த பெயர். உயரத்துக்கும் அகலத்துக்கும் அவனிடம் பெரிய வித்தியாசம் கிடையாது.

"வாய மூடிட்டு, இங்க என்னென்ன காணோம்னு பாரு."

வாயை மூடாமலே பார்த்தான். "ரெண்டாம் நம்பர் மெஷின். சின்ன அளவுக்கட்டை. சாக்பீஸ் டப்பா. அப்புறம்... பசை வாளி."

"பசை வாளியா?"

"அதான் எனக்கும் உதைக்குது. கோவிச்சுக்கிட்டு ஓடிப்போறவன் துணிமணியத் தூக்கிட்டு ஓடுவான். விக்கலாம்னு மெஷினக்கூடத் தூக்கிட்டு ஓடுவான். சுவத்துல பேப்பர் ஒட்டற பசைய வாளியோட தூக்கிட்டா ஓடுவான்?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். ப்ரோப் என்று ஒரு தீப்பெட்டி அளவுக் கருவி இருக்கிறது. இரும்பின் மேல் அந்தப் பசையைத் தடவி அதன் மேல் ப்ரோபை வைத்தால், காதுக்கு எட்டாத ஒரு சத்தம் இரும்புக்குள் சாய்வாக இறங்கும். உள்ளே விரிசல் இருந்தால் மோதித் திரும்பி வரும். பசை இல்லாவிட்டால் சத்தம் இறங்காது. பசை வாளியோடு போனவன் சோதனை போடத்தான் போயிருக்கிறான்.

"பாலத்துக்குத்தான் போயிருப்பானோ?" என்றான் ரேடியோ.

"எப்படிப் போவான்? அவன் பார்த்த அம்பத்தாறு மூட்டும் வெளிப்பக்கம். நாப்பது அடி உயரம். சாரம் பிரிச்சுப் பத்து நாளாச்சு. பறந்துதான் போகணும்."

"பீரோ பறக்குதுன்னா டிக்கெட் போட்டு விக்கலாம். மீதி எட்டு?"

"அது உள்ள இருக்கு. நான் பார்த்தது. அத விடு."

ரேடியோ அதை விட்டுவிட்டான். அவளும் விட்டுவிட்டாள்.

தம்பியின் மேஜை துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. நடுவில் பெரிய அளவுக்கட்டை மட்டும் கிடந்தது. உள்ளங்கை அகல இரும்புக்கட்டை, விளிம்பு நெடுக எண்கள் பொறித்திருக்கும். அதன் மேல் ஒரு ப்ரோப் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பசை காய்ந்து வெள்ளைக் கோடு கட்டியிருந்தது. அக்கா குனிந்து பார்த்ததும் முகம் சிவந்தாள்.

"இது என் ப்ரோப். இவன் மேஜைக்கு எப்படி வந்துச்சு?"

அவளுடைய ப்ரோபை யாரும் தொடக் கூடாது என்பது அந்தப் பிரிவில் எழுதாத சட்டம். ஒன்பது வருடமாக அவள் கையில் புழங்குவது அது.

ரேடியோ எட்டிப் பார்த்தான். "ப்ரோப் மேல எழுபதுன்னு எழுதியிருக்கு, கட்டையில அறுபத்தஞ்சுல போய் உக்காந்திருக்கு. வயசக் குறைச்சுச் சொல்ற ஆசை ப்ரோபுக்கும் வந்துடுச்சுபோல."

"கவனமில்லாம வச்சிருப்பான்." அவள் ப்ரோபைப் பிடுங்கி எடுத்தாள். காய்ந்த பசை படீரென்று விட்டது. ப்ரோபைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "வண்டிய எடு. அவன் வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

*

நான்காவது மாடியில் தம்பியின் மனைவி கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. தோளில் ஈரத் துணி கிடந்தது. கண் வீங்கியிருந்தது.

"இங்க இல்ல அண்ணி. அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாரு."

"எங்கன்னு சொன்னானா?"

"உங்களுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ்லயும் அக்கா, வீட்லயும் அக்கா. இந்த வீட்டுக்கு ஒரு பிரிஜ் வாங்கினாக்கூட நீங்க வந்து தட்டிப் பார்த்த அப்புறம்தான் பிளக் சொருகுறாரு."

அக்கா வாங்கிக் கட்டிக்கொண்டாள். பதிலுக்குப் பேச அவளுக்கு இப்போது நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. "நேத்து வந்தப்ப எப்படி இருந்தான்னு மட்டும் சொல்லும்மா. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

நாத்தனார் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. குரல் இறங்கிவிட்டது. "பேயறைஞ்ச மாதிரி வந்தாரு. சாப்பிடல."

"யாரு, நம்ம பீரோவா?" என்றான் ரேடியோ. "போன் ஆஃப்ல இருக்குன்னாங்க, பயப்படல. சாப்பிடலன்னா எனக்கே பயமா இருக்கு."

"ஒரு வாய்கூடச் சாப்பிடல. காலைலயும் வெறும் தண்ணி. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். 'வயிறு காலியா இருந்தாத்தான் உள்ள நுழைய முடியும்'னாரு. எங்க நுழையப் போறீங்கன்னு கேட்டா பதில் இல்ல. சோபா குஷன் ஒண்ண எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "வாசப்படி தாண்டி ஒண்ணு சொன்னாரு. 'அக்கா கேட்டா எதுவும் சொல்லாத. எல்லாம் சரியா இருந்துட்டா அக்காவுக்குத் தெரியவே வேண்டாம்'னாரு. அவருக்கு என்ன ஆச்சு அண்ணி? எதுல மாட்டிக்கிட்டாரு?"

"கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள் அக்கா. சொன்ன வேகத்தில் நம்பிக்கை இல்லை என்பது இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது.

லிப்ட் கீழே இறங்கியது. ரேடியோ விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். "பசை வாளி. குஷன். பட்டினி. மூச்சு முட்ட முட்டப் போன். குஷன் எதுக்கு? மல்லாந்து படுத்து வேலை பார்க்க. பட்டினி எதுக்கு? குறுகலா ஒரு எடத்துல நுழைய. இந்த ஊர்ல நம்ம வேலையில அப்படி ஒரு எலிப்பொந்து எங்க இருக்கு? பாலத்துத் தரைக்கு அடியில குழாய் போற சந்து. அன்னிக்கு பீரோ வயிறு வரைக்கும் போய் மாட்டிக்கிட்டு, நாலு பேரு காலப் பிடிச்சு இழுத்தோம். அப்புறம் நீங்கதானே ஒல்லியா இருக்கீங்கன்னு..."

பேச்சு அங்கேயே நின்றது. லிப்டும் நின்றது. கதவு திறந்தும் இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

"அந்தச் சந்துல இருக்கறது எட்டு மூட்டு" என்றாள் அக்கா. "எட்டையும் பார்த்தது நான்."

கைப்பைக்குள் கை விட்டு ப்ரோபை எடுத்தாள். கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக்கின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். ஒரு முனை மழுங்கிச் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரிந்தது. காலை முழுவதும் அத்தாட்சியை அவளே தோளில் சுமந்துகொண்டு தம்பியைத் தேடியிருக்கிறாள்.

"நீ காலைல சிரிச்சியே, எழுபது அறுபத்தஞ்சுல உக்காந்திருக்குன்னு. அவன் கவனமில்லாம வைக்கல. கட்டை மேல ப்ரோப நகத்திக்கிட்டே போகணும். சத்தம் எந்த எடத்துல உரக்கத் திரும்புதோ அங்க இருக்கற நம்பர்தான் நிஜமான சாய்வு. நேத்து என் ப்ரோப எடுத்து வச்சுப் பார்த்திருக்கான். தேஞ்சு போய் அறுபத்தஞ்சு காட்டியிருக்கு. அப்படியே திகைச்சுப் போய் விட்டுட்டுப் போயிருக்கான்."

"அஞ்சு டிகிரிதானே அக்கா?"

"மூட்டோட வேர்ல விரிசல் இருந்தா, இந்தச் சாய்வுல போற சத்தம் அதத் தொடாமலே போயிடும். எட்டும் நல்லா இருக்குன்னு எழுதினேன். நல்லா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது ரேடியோ. நான் அந்த மூட்டுகளப் பார்க்கவே இல்ல."

"ஆனா சந்துக்குள்ள போறதுக்கு முன்னாடி கட்டையில வச்சுப் பார்த்திருப்பீங்களே. எங்களுக்கு அத ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்றீங்க."

அவள் ப்ரோபை மறுபடி கைப்பைக்குள் போட்டாள். "பார்க்கல. என் ப்ரோப்தானேன்னு இருந்துட்டேன்."

போன வாரம் தம்பியைத் திட்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. 'ஒரு மூட்டுக்கு நாலு தடவை கட்டையில வச்சுப் பார்க்கற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா.' எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

*

போகும் வழியெல்லாம் சிக்னல். மணி பதினொன்று ஐந்து. அக்கா எம்.டி.க்குப் போன் போட்டு உள்ளது உள்ளபடி சொன்னாள். எம்.டி. முதலில் கேட்டது ஒன்றுதான்.

"விரிசல் இருக்கா?"

"இருக்கலாம் சார். பாலத்த நிறுத்தச் சொல்லுங்க."

"இருக்கலாம்னு சொல்லி எண்பது பேர எப்படி நிறுத்தறது? அப்படியே நிறுத்தினாலும் உங்க பேர் வரக் கூடாது. தலைவி கையெழுத்தே தப்புன்னு ஆயிட்டா, இதுவரைக்கும் நாம குடுத்த ஒரு ரிப்போர்ட்டயும் ஒருத்தனும் நம்ப மாட்டான். அந்த எட்டையும் தம்பி பார்த்ததுன்னு சொல்லிடுவோம். அவன் எப்படியும் காணாமப் போனவன்தானே. பிரிவு பிழைக்கும். உங்க கீழ இருக்கற ஏழு குடும்பம் பிழைக்கும். யோசிங்க."

அவள் போனை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது பச்சையாகும் வரை அவள் நிஜமாகவே யோசித்தாள். அப்படி யோசித்ததற்காகப் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் இவர்களைப் பிளம்பர் என்று நினைத்துவிட்டாள். "திரும்ப வந்துட்டீங்களா? காலைலேருந்து பைப்புல டொக்கு டொக்குன்னு சத்தம். பேஷண்டுங்க திட்டறாங்க. முன்ன வந்தவரு காத்து அடைச்சிருக்கு, தானா போயிடும்னுட்டுப் போயிட்டாரு."

அக்கா அவளைத் தாண்டிப் போய், சுவரோரம் ஏறிய தடித்த குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சத்தம் கைக்குள் வந்தது. டொக், டொக், டொக். ஓர் இடைவெளி. மறுபடி டொக், டொக், டொக்.

வேலை நடக்கும் இடங்களில் இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. அதனால் இரும்பில் தட்டித்தான் சேதி சொல்லிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நன்றாக இருக்கிறது. இரண்டு என்றால் இன்னொரு முறை பார். மூன்று என்றால் கோளாறு, வேலையை நிறுத்து. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அக்காதான்.

"மூணு" என்றான் ரேடியோ. "அக்கா, மூணு தட்டறான்."

"பாலம் எப்ப திறக்கறாங்க?" என்று அக்கா அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"பன்னெண்டுன்னாங்க. இப்பவே ஆரம்பிக்கறாங்களாம். மொதக் கட்டில் கிளம்பிடுச்சு."

அக்கா ரேடியோவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "நீ மூணாவது மாடிக்கு ஓடு. ஒரு கட்டில்கூடப் பாலத்துல ஏறக் கூடாது. நான் அவன்கிட்டப் போறேன்."

"நான் எப்படி நிறுத்தறது?"

"பேசு."

"வாழ்க்கையிலேயே மொத தடவையா ஒருத்தர் என்னப் பேசச் சொல்றீங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் படியில் தாவினான்.

*

இரண்டாவது மாடிக் கோடியில் குழாய் அறை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே பசை வாளி இருந்தது. அதற்கு மேல் சுவரில், கூரையை ஒட்டி, ஒன்றரை அடி உயரமே உள்ள சந்து. அக்கா ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்டாள். தூரத்தில் ஒரு விளக்கு வெளிச்சமும், அதற்கு முன்னால் இரண்டு ஷூக்களும் தெரிந்தன.

"தம்பி."

தட்டல் நின்றது. "அக்கா? நீ எப்படி வந்த?"

அவள் முழங்கையால் தவழ்ந்து போய் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். கால் ஜில்லென்று இருந்தது. "பட்டினி கிடந்தும் பத்தலையாடா?"

"ஏழாவது மூட்டு வரைக்கும் வந்துட்டேன். அதுக்கப்புறம் முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டு உனக்குப் பண்ணலாம்னு பார்த்தேன், போன் நழுவி, குழாய் ஒழுகித் தேங்கின தண்ணில விழுந்துடுச்சு. நேத்து என் ப்ரோபோட கேபிள் போயிடுச்சு, அத மாத்தறதுக்குள்ள உன் ப்ரோப எடுத்தேன் அக்கா. எடுத்திருக்கக் கூடாது."

"ஏழாவது என்ன ஆச்சு? அதச் சொல்லு."

"ஆறு நல்லா இருக்கு. ஏழாவதுல வேர்ல விரிசல். ஒரு சாண் நீளம். மூணு தடவை கட்டையில வச்சுப் பார்த்துட்டேன். எட்டும் நல்லா இருந்துட்டா உன்கிட்டச் சொல்லாமலே விட்டுடலாம்னு இருந்தேன்." பிறகு வேகமாகச் சொன்னான். "நான் பார்த்ததுன்னு எழுதிடு அக்கா. எனக்கு எங்கயாவது வேலை கிடைக்கும். உனக்கு இந்த வேலை போனா வேற ஒண்ணுமே தெரியாது."

மேலே ஏதோ உருண்டது. தலைக்கு மேல் தரைத் தகடு முனகியது. தூசி அவள் கண்ணில் விழுந்தது. அது கட்டில் சக்கரத்தின் சத்தம்.

அவள் எப்படிப் பின்னால் தவழ்ந்தாள், எப்படி ஒரு மாடி ஏறினாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. பாலத்தின் வாசலில் முதல் கட்டிலின் முன் சக்கரங்கள் இரண்டும் பாலத்துக்குள் இருந்தன. கட்டிலின் கால்மாட்டைக் கட்டிக்கொண்டு ரேடியோ நின்றான். ஒரு காவலர் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவன் பேசிக்கொண்டே இருந்தான். கட்டிலில் கிடந்த பெரியவர் ஆக்சிஜன் குழாயோடு அதை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. "ஏழாவது மூட்டுல விரிசல். இது தாங்காது."

நிர்வாகி கையில் போனோடு திரும்பினார். கோபத்தில் அவர் காது வரை சிவந்திருந்தது. "உங்க எம்.டி.தான் லைன்ல இருக்கார். உள்பக்க மூட்டெல்லாம் உங்க தம்பி பார்த்ததாம், அவன வேலைய விட்டு எடுத்தாச்சாம். அவன் பேச்ச நம்பி நான் இத்தன பேர நிறுத்தணுமா? யார் பார்த்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க. தம்பிதானே?"

காவலர் இழுப்பதை நிறுத்தினார். நர்சுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராந்தா நெடுகக் கட்டில்கள் வரிசையாக நின்றன. கடைசிக் கட்டில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இல்ல. நான் பார்த்தேன்" என்றாள் அக்கா. "என் கருவி தேஞ்சிருந்துச்சு. பார்க்கறதுக்கு முன்னாடி அதச் சரிபார்க்கணும், நான் சரிபார்க்கல. பார்க்காமலே நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்ல. என் தம்பி காலைலேருந்து உங்க தரைக்கு அடியில மாட்டிக்கிட்டுத் தட்டிட்டு இருக்கானே, அதத்தான் நீங்க நம்பணும்."

காலடியில் டொக், டொக், டொக் என்று மூன்று முறை கேட்டது. இப்போது எல்லோருமே குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப என்னப் பின்னாடி இழுங்கப்பா" என்றார் கட்டிலில் இருந்த பெரியவர்.

*

தம்பியை வெளியே எடுத்தது பசைதான். சந்து நெடுக வாளியைக் கவிழ்த்து, ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து இழுத்தார்கள். "ஒட்டறதுக்குன்னு செஞ்ச பசை, பீரோவ வழுக்கிக் குடுத்துடுச்சு" என்றான் ரேடியோ. தம்பி தரையில் உட்கார்ந்து, அவன் நீட்டிய பிஸ்கட் பாக்கெட்டைக் காகிதம் தவிர மிச்சம் வைக்காமல் தின்றான். அக்கா சாக்பீஸை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள்.

ஏழாவது மூட்டின் மேல் இரண்டு மாதத்துக்கு முன் அவள் போட்ட சரிக் குறி அழியாமல் இருந்தது. பக்கத்தில் அவள் பெயரின் முதலெழுத்து. எழுத்துக்கூட நிதானமாக, அழகாக இருந்தது. அதற்குக் கீழே தம்பி போட்ட பெருக்கல் குறி. அதன் பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. கோளாறைக் கண்டவர் கட்டாயம் முதலெழுத்துப் போட வேண்டும் என்பது பிரிவின் விதி. எந்த விதியையும் மீறாத தம்பி, இந்த ஒரு இடத்தை அவளுக்காகக் காலியாக விட்டிருந்தான்.

அவள் தன் சரிக் குறியை அடித்தாள். பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் தன் எழுத்தைப் போட்டாள். அப்புறம் அந்த இருட்டில், யாரும் பார்க்காத அந்த ஒன்றரை அடிக்குள், கன்னத்தை இரும்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

வெளியே வந்தபோது கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. எம்.டி.தான். அவள் எடுக்கவில்லை.

"ரேடியோ, வேலை நோட்டு வச்சிருக்கியா? இந்தப் பாலத்துக்கு அப்புறம், என் ப்ரோப வச்சு நான் பார்த்தது எத்தனைன்னு சொல்லு."

ரேடியோ நோட்டைப் புரட்டினான். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. இரண்டாவது பக்கத்துக்கும் போனது. ஏதாவது சொல்வான் என்று அக்காவும் தம்பியும் காத்திருந்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. நோட்டைத் திருப்பி அவளிடம் நீட்டினான்.

பதினோரு வரிகள். பதினொன்றுக்கும் கடைசியில் அவள் முதலெழுத்து.

"இங்கேருந்து எது பக்கம்?" என்றாள் அக்கா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தம்பி பிஸ்கட் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்தான். வாளியின் அடியில் மிச்சமிருந்த பசையைப் பார்த்தான். சின்ன அளவுக்கட்டையைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"பக்கம் பார்க்காத அக்கா. எதுல ஆள் ஜாஸ்தின்னு பாரு."

ரேடியோ ஆறாவது வரியில் விரலை வைத்தான். பள்ளிக்கூட விளையாட்டு மைதானம், இரும்பு கேலரி, இரண்டாயிரம் இருக்கை. மணி பன்னிரண்டே கால் ஆகியிருந்தது.